மூன்றாக மடித்த காகிதம்

என் மகனுக்கு,

என் வயிற்றுப் பரிசோதனையின் முடிவு என்னவென்று நீ தொலைபேசியில் கேட்டாய். "அல்சர்" என்று ஒரே சொல்லில் விடை சொன்னேன். மறுமுனையில், ஹிஞ்சேவாடியில் உன் அலுவலகத்தில், யாரோ இந்தியில் பேசிச் சிரிப்பது கேட்டது. உன் மூச்சு மட்டும் கேட்கவில்லை. பிறகு, "நிஜமாத்தானாம்மா?" என்றாய். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அந்தக் கேள்விக்கான விடையை இக்கடிதத்தின் இறுதியில் தருகிறேன். அதற்கு முன், பெற்ற தாயின் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லை ஐயுறும்படி உன்னைச் செய்தது எது என்பதை எழுத வேண்டியிருக்கிறது. மற்ற பிள்ளைகளாயிருந்தால், "அந்தக் காகிதத்தைக் காட்டும்மா" என்று கேட்டிருப்பார்கள். உனக்கு அப்படிக் கேட்க நா எழவில்லை. ஏன் எழவில்லை என்பது உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும் என்பதுதான் உனக்குத் தெரியாது.

இதை உறையிலிட்டு உனக்கு அனுப்பாமல் நம் தமிழ் மன்றத்தின் பொங்கல் மலருக்குக் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. மலர் வெளிவரும் நாளில், நாம் பிழைக்க வந்த இந்த மராத்தி ஊரில் கோர்படியிலும் கட்கியிலும் போசரியிலும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் காப்பி ஆறுவதற்குள் இதை வாசித்து முடித்துவிடும். நீயோ மராத்தியையும் ஆங்கிலத்தையும் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுபவன். தமிழை மட்டும் எழுத்துக் கூட்டி வாசிப்பவன். உன் மனைவி சுகன்யா கோயம்புத்தூரில் தமிழிலேயே பயின்றவள். அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. கடைசிப் பத்திக்குத் தாவிவிடலாம் என்றும் எண்ணாதே. எழுத்துக் கூட்டுபவனுக்குத் தாவ வராது. ஊருக்கெல்லாம் தெரிந்து தனக்கு மட்டும் தெரியாத ஒன்றைச் சுமப்பது எப்படியிருக்கும் என்பதை நீ ஒரு மாலைப் பொழுதேனும் அறிய வேண்டும். இம்மலருக்கு ஆண்டுதோறும் வாழ்த்துரை வழங்குபவர் உன் பெரியப்பா. உள்ளே என்ன இருக்கிறது என்று பாராமலேயே வாழ்த்துவது அவர் வழக்கம். இம்முறையும் வாழ்த்தியிருப்பார். அந்த வாழ்த்து இக்கடிதத்துக்கும் சேர்த்தே என்று நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறேன்.

நீ ஒன்பதாம் வகுப்பில் படித்த ஆண்டு அது. ராணுவப் பண்டகசாலையில் எழுத்தராக இருந்த உன் தந்தைக்கு உணவு இறங்கவில்லை. வாய்க்குள் குழாயை விட்டு வயிற்றைப் பார்க்கும் பரிசோதனைக்கு அவரை அழைத்துச் சென்றோம். அவர் மயக்கம் தெளியாமல் உள்ளே படுத்திருக்க, உன் பெரியப்பாவும் மருத்துவரும் மருத்துவமனையின் நீண்ட நடைக்கூடத்தின் கோடியில் நின்று ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். சில நாட்கள் கழித்துத் திசுப் பரிசோதனையின் முடிவு வந்தபோதும் அவ்வாறே பேசிக்கொண்டார்கள். பிறகு பெரியப்பா உன் தோளில் கைபோட்டு உன்னைத் தேநீர் வாங்கித் தர அழைத்துப் போனார். அன்று நீ பள்ளிச் சீருடையில் இருந்தாய். திரும்பி வரும்போது உன் கையில் பிஸ்கட் பொட்டலம் இருந்தது, பிரிக்கப்படாமல் இருந்தது. அதை நான் அன்று கவனித்தேன், பொருள்தான் விளங்கவில்லை.

"ஏம்மா, அல்சர்தான். நாலு மாசம் காரத்தைக் குறைச்சாப் போதும்ங்காரு டாக்டரு," என்றார் பெரியப்பா.

"அந்தப் பேப்பரைக் குடுங்க அத்தான். பிள்ளை வாசிக்கட்டும்," என்றேன். ஊரில் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். எனக்கு அன்று ஆங்கில எழுத்துகள் எறும்பு வரிசையாகவே தெரிந்தன. ஆனால் என் மகன் ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறான் என்ற பெருமை இருந்தது. அந்தப் பெருமையைத்தான் நான் அந்த நடையில் எல்லோர் முன்னிலையிலும் விரித்துக் காட்டினேன்.

அவர் தயங்கவில்லை. "ஏல, அம்மைக்கு வாசிச்சுச் சொல்லு," என்று காகிதத்தை உன்னிடமே தந்தார்.

நீ அதை முகத்துக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டாய். "வயித்துல புண்ணுன்னு போட்டிருக்கும்மா. அல்சர்," என்றாய்.

"இம்புட்டு எழுதியிருக்கு, நீ ஒரு வரிதான் சொல்லுத?"

"மத்ததெல்லாம் மருந்துப் பேரும்மா."

நான் உன் நெற்றியை வழித்துத் திருஷ்டி கழித்தேன். அக்காகிதத்தை வாங்கி, ஊருக்குக் கடிதம் மடிக்கும் என் வழக்கப்படி மூன்றாக மடித்து, வீட்டுக்கு வந்ததும் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தேன். நல்ல செய்தி எழுதிய தாள் சாமிக்கு அருகில் இருக்கட்டும் என்று நினைத்தேன். உன் பெரியப்பா அதைத் தடுக்காதது ஏன் என்று பின்னாளில் பலமுறை யோசித்திருக்கிறேன். என் கையில் இருந்தவரை அது அவருக்கு எழுத்தில்லாத வெறும் தாள். பூட்டத் தேவையில்லாத பெட்டியாக அவர் என்னைக் கருதினார். மகனே, வாழ்க்கையில் யாரை ஏமாற்றினாலும், அவருக்கு வாசிக்கத் தெரியாது என்ற நம்பிக்கையில் ஏமாற்றாதே. வாசிப்பு பிற்காலத்திலும் வரும். வந்தபின் அது பழைய காகிதங்களிலிருந்துதான் தொடங்கும்.

அடுத்த நான்கு மாதங்கள் நான் செய்ததைக் கேள். உன் தந்தை தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவர். மீன் குழம்பு இல்லாத ஞாயிறு அவருக்கு ஞாயிறே அன்று. அவருக்கு நான் பால் கஞ்சியும், உப்புக் குறைத்த ரசமும், தண்ணீரில் நனைத்த ரொட்டியும் கொடுத்தேன். "ஒரு வாய்ப் புளி ஊத்தின மீன் குழம்பு வச்சுத் தாயேன். நாக்கு செத்துப் போச்சு," என்று அவர் கேட்டார்; ஒரு முறையன்று, வாரந்தோறும் கேட்டார். "அல்சருக்கு ஆகாது. குணமாகட்டும், கேம்ப் மார்க்கெட்டையே வாங்கிட்டு வந்து கொட்டுதேன்," என்பேன். அவர் உண்ணாமல் தட்டைத் தள்ளினால் திட்டுவேன். உடம்பைத் தேற்ற மனமில்லாத மனிதர் என்று அண்டை வீடு கேட்கத் திட்டியிருக்கிறேன். அப்போதெல்லாம் நீ பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே ரயில்வே காலனித் திடலுக்குப் போய்விடுவாய். படிப்பில் அக்கறை வந்துவிட்டது என்று அதற்கும் மகிழ்ந்தேன். ஒரு பிற்பகலில், கஞ்சிக் கிண்ணம் பாதி நிறைந்திருக்க, அவர் போய்விட்டார். அல்சர் வெடித்துவிட்டது என்று உன் பெரியப்பா வந்தவர்களிடம் கூறினார். நானும் அவ்வாறே சொல்லி அழுதேன். கூடியிருந்த ஆண்களில் பாதிப் பேருக்கு உண்மை தெரியும் என்பதை அறியாமல் அவர்கள் காலடியில் விழுந்து அழுதேன். அந்த அழுகையைத்தான் என்னால் இன்றளவும் மன்னிக்க முடியவில்லை.

கருணை அடிப்படையில் அதே பண்டகசாலையில் எனக்குக் கடைநிலைப் பணி கிடைத்தது. கோப்பு தூக்குபவளாக நுழைந்த நான் எழுத்தராகத்தான் வெளியேறுவேன் என்று முடிவு செய்துகொண்டேன். பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த அகராதி ஒன்றை வாங்கினேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத் தாள்கள், ரயில்வே அறிவிப்புகள், அலுவலகச் சுற்றறிக்கைகள் ஆகியவையே என் பாடநூல்கள். இரண்டாண்டுகள் ஆயின. உனக்கு அப்போது பதினாறு வயது. வெள்ளையடிப்பதற்காக முருகன் படத்தைக் கழற்றியபோது அந்தக் காகிதம் விழுந்தது. நல்ல செய்தி எழுதிய தாளை என் கண்ணால் வாசிக்கப் போகிறேன் என்ற ஆவலோடு அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தேன். 'அல்சர்' என்ற சொல்லை முதலில் தேடினேன். அது அந்தத் தாளில் எங்குமே இல்லை. வேறொரு சொல் இருந்தது, இருமுறை இருந்தது. என் அகராதியில் அது கிடைக்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு முச்சந்தி மருந்துக் கடைக்குப் போய் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "கேன்சர், தாயி," என்றார்.

இன்னொன்றையும் அன்றுதான் கண்டேன். மூன்றாக மடித்து நான் வைத்த காகிதம் நான்காக மடிந்திருந்தது. உன் தந்தை சட்டைப்பைக்கு அடங்கும்படி எதையும் நான்காக மடிப்பவர். அதாவது, அவர் அதை எடுத்து வாசித்துவிட்டுத் திரும்ப வைத்திருக்கிறார். அறிந்துகொண்டே என் கஞ்சியைக் குடித்திருக்கிறார். அறிந்துகொண்டே மீன் குழம்பு கேட்டிருக்கிறார். நான் மறுக்கும்போது காரணத்தைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். ஒரே கூரையின்கீழ் மூன்று பேர் இருந்தோம். இருவருக்குத் தெரியும். சமைத்தவளுக்குத் தெரியாது.

அன்று மாலையே உன் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். உன்னிடம் அதை இதுவரை சொன்னதில்லை. காகிதத்தை அவர் முன் விரித்தேன். அவர் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "இதை யாரு உனக்கு வாசிச்சுச் சொன்னா?" என்றார்.

"நானே வாசிச்சேன்."

சிரித்தார். பிறகு, "பொம்பளைகிட்டச் சொல்லி என்ன ஆவப் போவுது? நீ அழுதே அவனைச் சாவடிச்சிருப்ப. உன் பிள்ளை சமத்து, சொன்னபடி வாசிச்சான். உனக்கு நாலு மாசம் நிம்மதியாப் போச்சுல்லா? அதுக்கு எங்களுக்குக் கும்பிடுதான் போடணும் நீ," என்றார்.

நான் கும்பிடு போட்டேன். ஆம், கைகூப்பி விடைபெற்றேன். அந்தக் கும்பிட்டுக்கு உரியதைத் திருப்பித் தராமல் விடுவதில்லை என்று படியிறங்கும்போதே உறுதி கொண்டேன். உன் திருமணத்தில் தந்தையின் இடத்தில் தானே நிற்க வேண்டும் என்று அவர் ஊரிலிருந்து உறவினர்களைக் கூட்டிப் பேசினார். நான் அந்த இடத்தில் உன் தந்தையின் படத்தை வைத்து, அருகில் நானே நின்றேன். விதவை மேடையேறலாமா என்று முணுமுணுத்தவர்களுக்கு முகூர்த்தப் பத்திரிகையை ஆங்கிலத்தில் உரக்க வாசித்துக் காட்டினேன். பந்தியில் அவர் இலைக்குக் குழம்பு வரும் முன்பே மோர் வந்ததே, நினைவிருக்கிறதா? பரிமாறியவனின் கவனக்குறைவு என்று நீ பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாய். அது கவனக்குறைவு அன்று. நான் சொல்லித்தான் ஊற்றினான். மோர் ஊற்றிய சோற்றை அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடத்தை, உன் திருமணப் படத் தொகுப்பில் இல்லாவிட்டாலும், என் நினைவில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உன்னையும் நான் விட்டுவைக்கவில்லை. அதன்பின் உன்னிடம் எதையும் வாசிக்கக் கொடுத்ததே இல்லை. மின்கட்டண ரசீது, ரேஷன் அட்டை, வங்கிக் கடிதம், ஊருக்குப் போகும் ரயிலின் பெட்டியில் ஒட்டிய பெயர்ப் பட்டியல் என எதுவாயினும், நீ கை நீட்டும்போதெல்லாம் "வேண்டாம், நானே பார்த்துக்குவேன்" என்றேன். அது உனக்கான தண்டனை. நீயோ அதை உணரவேயில்லை. "எங்கம்மா யாரையும் எதிர்பார்க்க மாட்டாங்க" என்று நண்பர்களிடம் பெருமை பேசினாய். தண்டிக்கப்படுவதே தெரியாத ஒருவனைத் தண்டிப்பதைப்போல் சலிப்பூட்டும் வேலை வேறில்லை. இதையும் ஓர் அறிவுரையாகக் கொள்: பழிவாங்குவதென்றால் எதற்காக என்பதை எதிராளிக்குச் சொல்லிவிட்டுச் செய். நான் சொல்லாமல் செய்தது என் பிழை. இக்கடிதம் அந்தப் பிழையின் திருத்தம்.

இப்போது என் பரிசோதனைக்கு வருகிறேன். சில மாதங்களாக எனக்கும் உணவு செல்லவில்லை; எடையும் குறைந்தது. அதே மருத்துவமனை, அதே நீண்ட நடை, மரப்பெஞ்சு மட்டும் எஃகுப் பெஞ்சாகியிருந்தது. உடன் வருவதாக வாக்களித்த நீ, காலையில் அலுவலகத்தில் அவசரம் என்று சொல்லி, சுகன்யாவை வாடகைக் காரில் அனுப்பினாய். உனக்கு அந்த நடைக்குள் நுழைய அச்சம் என்பதை நான் அறியாமலில்லை. பதிவு மேசையில் இருந்த பெண் படிவத்தை எடுத்துச் சுகன்யாவிடம் நீட்டி, என்னைக் கண்ணால் காட்டி, "த்யான்னா வாச்தா யேத்த கா?" என்றாள், இவருக்கு வாசிக்க வருமா என்று மராத்தியில் கேட்டாள். "வாச்தா யேத்தே. லிஹிதாஹி யேத்தே," என்று நானே விடை தந்தேன், வாசிக்கவும் வரும், எழுதவும் வரும். படிவத்தை வாங்கி, ஒரு கட்டமும் விடாமல் ஆங்கிலத்தில் நிரப்பினேன். தொண்டையில் கசப்பான மருந்தைத் தெளித்து மரத்துப்போகச் செய்தார்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, பற்களுக்கிடையே வளையம் ஒன்றைப் பொருத்தினார்கள். "மோட்டா ஷ்வாஸ் க்யா, காக்கூ," என்று செவிலி என் தோளைத் தடவினாள். மூச்சை ஆழ இழுக்க இழுக்க, பேசும் வழியெல்லாம் அடைபட்டுக் கண்ணில் நீர் ஒழுகக் கிடந்தேன். வாய் திறந்திருந்தும் பேச முடியாத அந்த நிலையில்தான், பெரியப்பாவோடு தேநீர்க் கடையிலிருந்து திரும்பி வந்த உன் முகம் எனக்குத் தோன்றியது. அழைக்காமல் வந்தது.

வயிற்றில் ஒரு புண் இருப்பதாகவும், திசுத் துணுக்கு எடுத்து அனுப்பியிருப்பதாகவும், முடிவு வர ஐந்து நாட்கள் ஆகும் என்றும் மருத்துவர் என்னிடமே கூறினார். நான் சுகன்யாவைப் பக்கத்தில் அழைத்து, "இதையெல்லாம் அவங்கிட்டச் சொல்லக் கூடாது," என்றேன்.

"அத்தை, நான் எப்படிங்க அவருகிட்ட மறைக்கறது? மூஞ்சியப் பார்த்தாலே கண்டுபிடிச்சுருவாருங்க."

"கண்டுபிடிக்க மாட்டான். மறைக்கிறவங்க முகம் அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிஞ்சதெல்லாம் அவன் முகம்தான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் இங்கு உண்ண வந்தீர்கள். நீ கிரிக்கெட்டைப் பற்றி ஓயாமல் பேசினாய். சுகன்யா சோற்றைப் பிசைந்தாள், பிசைந்துகொண்டே இருந்தாள். நீ அவளைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் தண்ணீர் எடுக்கும் சாக்கில் எழுந்து உள்ளே போனாள். மூன்றாம் முறை நான் பின்தொடர்ந்து போனேன். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றவள், "என்னால முடியலைங்க அத்தை. தொண்டையில இறங்க மாட்டேங்குது," என்றாள். படித்தவள், இருபத்தாறு வயதானவள், நான்கே நாட்கள் சுமந்தவள் அப்படி நின்றாள். நீ சுமந்தது நான்கு மாதங்கள். உனக்குப் பதினான்கு வயது. உன் பெரியப்பா உனக்குச் செய்ததை நான் அந்தப் பெண்ணுக்குச் செய்திருக்கிறேன் என்று அந்தக் குழாயடியில்தான் எனக்கு உறைத்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். உன்னிடம் கேட்கவில்லை, உன்னை மன்னித்துவிட்டதாகவும் எண்ணிக்கொள்ளாதே. பிரிக்காத பிஸ்கட் பொட்டலத்தின் பொருள் எனக்கு விளங்கிவிட்டது என்று மட்டும் எடுத்துக்கொள். அந்தப் பொய்யில் உன் பங்கையும் உன் பெரியப்பாவின் கணக்கிலேயே சேர்த்து எழுதிவிட்டேன். அவர் இதைத் தம் வாழ்த்துரைக்கு மூன்று பக்கங்கள் தள்ளி, மன்றத்தார் அனைவரும் பார்க்க, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசிப்பார். வாசித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். இனி அவர் பேசுவதெல்லாம் அச்சான பின்னர்ப் பேசுவது.

ஆறாம் நாள் முடிவை நானே போய் வாங்கினேன். அங்கேயே நின்று, முதல் எழுத்திலிருந்து கையொப்பம் வரை வாசித்தேன். சுகன்யா, "இப்பவாச்சும் அவருகிட்டச் சொல்லிரட்டுங்களா?" என்று கெஞ்சினாள். "நான் சொல்லிக்குவேன். உன்கிட்டக் கேட்டா, அத்தையைக் கேளுங்கன்னு சொல்லு," என்றேன். அவளும் அப்படியே சொல்லியிருப்பாள். அதனால்தான் நீ உறக்கமின்றித் திரிகிறாய் என்பதும் தெரியும்.

உன் கேள்விக்கு இதோ விடை. நிஜமாகவே அல்சர்தான். புற்று இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறது. கிருமியால் வந்த புண். பதினான்கு நாள் மாத்திரை. பிறகு இன்னொரு முறை குழாய் விட்டுப் பார்ப்பார்கள். இது உண்மை. இருந்தும் உன்னால் நம்ப முடியாது. ஏனெனில் இந்தச் சொல்லை இந்த வீட்டுக்குள் முதலில் கொண்டுவந்தவன் நீ. அது எப்படிச் சொல்லப்படும் என்று நீ நன்கு அறிவாய். பன்னிரண்டு ஆண்டுகள் நான் தேடிய தண்டனை இதுதான். நான் ஏதும் செய்யாமலேயே அது உனக்குக் கிடைத்துவிட்டது. இதிலிருந்து வெளியே வர ஒரே வழி உண்டு. முருகன் படத்துக்குப் பின்னால் இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. மூன்றாக மடித்தது என்னுடையது. நான்காக மடித்தது உன் தந்தையுடையது. மலர் உன் கைக்கு வந்தபின் வரும் ஞாயிற்றுக்கிழமை வா. காரமும் புளியும் சேர்த்த மீன் குழம்பு இருக்கும். எனக்குத்தான் ஆகாது, நான் கஞ்சி குடிப்பேன், நீ என் எதிரில் அமர்ந்து உண்ண வேண்டும். அதற்கு முன் இரண்டு காகிதங்களையும் எனக்கு உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். முதலில் அப்பாவுடையதை எடு. ஒரு வரியையும் மருந்துப் பெயர் என்று தள்ளாதே. அந்தச் சொல் எந்த வரியில் வரும் என்று எனக்கு மனப்பாடம். நீ அங்கே வந்து நிற்பாய். நின்றுகொள், அவசரமில்லை. நீ அதைச் சொல்லும் வரை நான் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
வாசிக்கத் தெரிந்த
உன் தாய்